சுவருக்கு அந்தப் பக்கம் ஃபோர்ட்ரான்

"ஒண்ணைக் கூட்டு. ஆச்சா? ஆகலை. மேல போ."

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இன்றைக்கும் வந்துவிட்டது அந்த ஆண் குரல். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

சொர்ணவல்லி குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். கணவன் ராசு மதராசுக்கு ட்ரெயினிங் போயிருக்கிறான். வாசல் நிலை உளுத்து, தாழ்ப்பாள் கழன்று கிடக்கிறது. போன வாரம்தான் பின்தெருவில் திருடன் புகுந்து, தண்ணீர்க் குடத்தைக்கூட விடாமல் தூக்கிப் போயிருந்தான். கதவுக்கு டிரங்குப் பெட்டியை முட்டுக் கொடுத்து, அதன்மேல் அம்மிக்குழவியையும் ஏற்றி வைத்திருந்தாள். இதில் இந்தக் குரல் வேறு.

கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்த ஜபத்தை முணுமுணுத்துப் பார்த்தாள்.

"ஆகலை. மேல போ" என்றது சுவர்.

காலையில் வீட்டுச் சொந்தக்காரி ஆவுடையாள் வந்து குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"காலேஜ் வாத்தியாருன்னு நம்பி வீட்டைக் குடுத்தேன். மேல போ மேல போன்னு யாரை அனுப்புறாருன்னு தெரியலை. ஏம்மா, ஒன் வீட்டுக்காரரு ஊருக்குப் போன அன்னைக்குத்தானே இந்தக் கூத்து ஆரம்பிச்சது?"

சொர்ணவல்லியும் அதைக் கவனித்திருந்தாள். அவளுக்குப் பேயைவிட அதுதான் பயம். தனியாள் வாத்தியார், தனியாக இருக்கும் பெண், நடுவில் ஒரு சுவர். ராசுவின் காதுக்கு இது எப்படிப் போய்ச் சேருமோ?

இருவருமாக வாத்தியார் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். இன்னாசி சார் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"ஃபோர்ட்ரானுங்க" என்றார்.

"அது யாரு?" என்றாள் ஆவுடையாள்.

"ஆள் இல்லைங்க, பாஷை. கம்ப்யூட்டர்னு கணக்குப் போடுற மெஷின் வந்திருக்கு. அதுகிட்டப் பேசுற பாஷை. லீவுல வடக்க போய்ப் படிச்சிட்டு வந்தேன். இங்கிட்டு மெஷின் ஏது? அதான் எழுதினதை நானே மெஷினா இருந்து செஞ்சு பார்க்குறேன்."

"நல்லா இருந்தீங்க மெஷினா" என்றாள் ஆவுடையாள்.

சார் நிலைப்படியைப் பார்த்துக்கொண்டே சொர்ணவல்லிக்குச் சொன்னார். "அதுக்குச் சொந்தப் புத்தி கிடையாதுங்க. சொன்ன வரிசையில ஒவ்வொண்ணாச் செய்யும். 'கோ டு'ன்னு எழுதினா, மேல இருக்குற அந்த வரிக்குப் போயி மறுபடி ஆரம்பிக்கும். எது ஆனா நிறுத்தணும்னு 'இஃப்' போட்டு நாமதான் சொல்லணும். சொல்லாம விட்டா விடிய விடிய சுத்தும்."

"உங்களது எப்ப நிக்கும்?"

"ஒரு காரியம் ஆகணுங்க. ஆனா நின்னுரும்."

"அதுவரைக்கும் மெதுவாப் படிக்கலாமே. குழந்தை பயப்படுது."

குழந்தை ஆவுடையாளின் தோடைப் பிடித்து இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"பார்க்குறேங்க" என்றார் சார்.

அன்றைக்குக் குரல் முன்னைவிடப் பலமாகக் கேட்டது. வேண்டுமென்றே செய்கிறார். ஊர்ப்பேச்சாகும் முன்பு வீட்டை மாற்றச் சொல்லி ராசுவுக்கு எழுதிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள்.

மறுநாள், திருவரங்குளத்துத் தேர் வேலை முடிந்து ஒருவழியாகத் தச்சர் சந்தனம் வந்தார். நிலைக்குப் புதுக்கட்டை கொடுத்து, கனத்த இரும்புத் தாழ்ப்பாள் ஒன்றை அடித்தார்.

"இதைப் போட்டா தெருமுனைக்குக் கேக்கும் தங்கச்சி. திருடனே பயந்து ஓடிருவான்."

இருட்டியதும் குரல் தொடங்கியது. "ஆச்சா? ஆகலை. மேல போ."

சொர்ணவல்லி எரிச்சலோடு தாழ்ப்பாளை இழுத்துப் போட்டாள். டணாரென்றது.

குரல் நின்றுவிட்டது.

காத்திருந்தாள். சத்தமே இல்லை. இத்தனை நாள் பேசிய சுவர் பேசாமல் இருந்தது அதைவிடப் பயமாக இருந்தது. தாழை நீக்கி, கதவை ஒரு விரலளவு திறந்து பார்த்தாள்.

பக்கத்து வாசலில் இன்னாசி சார் உள்ளே போகக் கிளம்பியிருந்தார். ஒரு கையில் நாற்காலி, ஒரு கையில் தடிக்கம்பு. புத்தகமோ தாளோ எதுவும் இல்லை.

தாழ் விலகிய சத்தம் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். திரும்பி வந்தார். அவள் கதவு தெரியும்படி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கம்பை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி ஆரம்பித்தார்.

"ஆச்சா? ஆகலை. மேல போ."

சொர்ணவல்லி கதவைச் சாத்தி, அவருக்குக் கேட்கும்படி தாழைப் போட்டாள்.