தாய்மாமன் மடி

மடியில் குழந்தையை வைத்தார்கள்.

வழுக்கவில்லை.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். தங்கை மகள் ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள். மொட்டைத் தலையில் சந்தனம். எதிரே ஆசாரி, விரல்களுக்கிடையே தங்கக் கம்பி.

அய்யனார் கோயில் முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் அவர் மடியைத்தான் பார்த்தார்கள்.

பார்க்காமல் என்ன செய்வார்கள்? மூத்தவளின் காதுகுத்தில் தாய்மாமனுக்கு மடியே இல்லை. அந்த இடத்தில் தொப்பை குடியிருந்தது. அவர் தெருமுனையில் திரும்பும்போதே தொப்பை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிடும் என்று ஊரில் பேச்சு. வைத்த பிள்ளை சறுக்குமரத்தில் இறங்குவதுபோல் இறங்கி ஆசாரியின் காலடியில் போய் நின்றது. கடைசியில் யாரோ ஒரு சித்தப்பா மடியில் வைத்துக் குத்தினார்கள்.

அவர் சீர்த்தட்டோடு ஓரமாக நின்றார். ஓரமாக நிற்பதும் அன்றைக்கு அவருக்கு லேசான காரியமில்லை.

அப்புறம் பட்டினி கிடந்தார். தொப்பை கரைந்தது. கூடவே தொடையும் கரைந்தது. மடி கிடைத்துவிட்டது, தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிடத்தான் ஆள் வேண்டியிருந்தது. ஒருநாள் காலையில் பூஜையறையில் உட்கார்ந்தவர், மதியச் சாப்பாட்டையும் சாமியோடுதான் சாப்பிட்டார்.

"கொழுப்ப எறக்குனா மட்டும் போதுமா அண்ணாச்சி? தொடையில கறி ஏற வேண்டாமா?" என்றாள் பிசியோதெரபி ஜெபராணி. "முட்டையும் பயறும் சாப்புடுங்க. ஏதாச்சும் கனமாத் தூக்கிட்டு உக்காந்து உக்காந்து எந்திரிங்க."

அரிசிப் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்தார். குத்தும்போது அழக்கூடாது என்று பைக்குத் தினமும் புத்தி சொன்னார். அந்த அரிசியை உலையில் போட அவர் மனைவிக்குக் கடைசிவரை மனசு வரவில்லை.

கம்பி ஏறியது.

பிள்ளை போட்ட கூச்சலில் வேப்பமரத்துக் காக்கைகள் பக்கத்து ஊர்வரை போய்த் திரும்பின.

மடி அசையவில்லை.

இனிதான் கண்டம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்மாமன் சாமியைச் சுற்றி வர வேண்டும். இரண்டு கையிலும் பிள்ளை. ஊன்றக் கையில்லை.

ஒரு பாதத்தைத் தரையில் பதித்தார்.

தொடை நடுங்கியது.

யோசித்தது.

பிறகு சம்மதித்தது.

அவர் நிமிர்ந்தபோது, அய்யனாரின் மண்குதிரை ஒரு சாண் குட்டையாகியிருந்தது.

யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் பிள்ளையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுற்றத் திரும்பினார். முதுகுக்குப் பின்னால் தங்கை புருஷன் தவசி, வேட்டியை மடித்துக் கட்டி, அவரைத் தூக்கிவிட இரண்டு கையையும் நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார். நீட்டிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டார்.

"வழிய விடுங்க மாப்ள."

தூணுக்குப் பின்னால் தங்கை செண்பகம். அண்ணனுக்காக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, யாருக்கும் தெரியாமல் முந்தானையால் மறைத்தபடி நின்றிருந்தாள்.

அவர் இரண்டாவது சுற்று வந்தபோது அந்த நாற்காலியில் அவளே உட்கார்ந்திருந்தாள்.

முந்தானை முகத்தில் இருந்தது.