வெளிவாசலில் ஐந்தாவது வண்டி

முதல் வண்டியின் டேங்கிலிருந்து குழாயில் ஏறியது சிவப்பு.

இரண்டாவதிலும் சிவப்பு.

கன்றுச் சந்தையின் வெளிவாசலை மறித்துக்கொண்டு அரசாங்க வண்டி நின்றது. தொப்பி போட்ட ஒரு பெண். கையில் சின்னக் கைப்பம்பு, மெல்லிய குழாய், கண்ணாடிப் புட்டி. கன்றுகளை இறக்கிவிட்டுத் திரும்பும் பிக்கப்புகள் ஒவ்வொன்றாக அவள் முன்னால் போய் நின்றன. எல்லாவற்றின் பின்னாலும் காலி டிரெய்லர். ரிவர்ஸ் எடுத்து நழுவ வழியில்லை.

லைல் நூர்டால் ஐந்தாவதாக நின்றான்.

டிராக்டருக்கென்று சாலை வரி இல்லாமல் விற்கிற டீசலில் சிவப்புச் சாயம் கலந்திருப்பார்கள். அதை ரோட்டில் ஓடும் வண்டிக்கு ஊற்றினால் குற்றம். மொன்டானாவின் இந்த மூலையில் பங்க் நாற்பது மைல் தள்ளி இருக்கிறது. சிவப்பு டீசல் தொட்டி வீட்டு வாசலிலேயே இருக்கிறது. யார் எதை ஊற்றுவார்கள் என்று கேட்கவே வேண்டாம்.

அபராதம் ஒரு நல்ல கன்றின் விலை. லைலுக்கு அது பெரிதில்லை. பெரிது கிர்ஸ்டன், அவன் மகள். மாநிலத் தலைநகரில், இந்தத் தொப்பிக்காரியை அனுப்பிய அதே எரிபொருள் வரி ஆபீஸில்தான் அவளுக்கு வேலை. இரண்டு குழந்தைகள். புருஷன் விட்டுவிட்டுப் போய் மூன்று வருஷம்.

புட்டியில் தப்பான நிறம் ஏறினால் அவள் வேலை போய்விடும்.

மூன்றாவது வண்டி. சிவப்பு.

அதுவரை அவன் ரேடியோவில் கன்று விலை கேட்டுக்கொண்டு நிம்மதியாகத்தான் உட்கார்ந்திருந்தான். மூன்றுமே சிவப்பு. ரேடியோவை அணைத்தான்.

நான்காவது வெர்ன். பக்கத்துப் பண்ணைக்காரன், முப்பது வருஷமாக இரண்டு பேருக்கும் ஒரே வேலி. புட்டியில் சிவப்பு ஏறியதும் வெர்ன் அந்தப் பெண்ணிடம் அது செர்ரி ஜூஸ்தான், சந்தேகமிருந்தால் ஒரு வாய் குடித்துப் பார்க்கலாம் என்றான். அவள் சிரிக்காமல் ரசீதுப் புத்தகத்தைத் திறந்தாள். அவன் லைலின் ஜன்னலுக்கு நடந்து வந்தான்.

“உன் பொண்ணு ஆபீஸ் ஆளுங்கதானேய்யா இதெல்லாம்? முன்னாடியே தெரிஞ்சிருந்தா குதிரையில வந்திருப்பேன்.”

ஒரு டம்ளர் கலந்திருந்தாலே போதுமாம், சாயம் காட்டிக்கொடுத்துவிடுமாம், அந்தப் பெண் சொன்னாள் என்றான். லைல் சிரிக்கப் பார்த்தான். உதடு காய்ந்து பல்லில் ஒட்டியது.

கையெழுத்துப் போட வெர்னைக் கூப்பிட்டார்கள். அவன் போனான்.

லைல் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். அடுத்த பிக்கப்பில் ஆள் இல்லை. காபி வாங்கப் போயிருந்தான். முன்னால் அந்தப் பெண் வெர்னின் பானெட்மேல் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

சத்தமில்லாமல் இறங்கினான். வண்டியின் பின்பக்கம் வைக்கோலுக்கு அடியில் பண்ணைக் கேன் ஒன்று கிடந்தது. இழுத்தான். டேங்க் மூடியைத் திருகிக் கழற்றிக் கேனைக் கவிழ்த்தான். களக் களக்கென்று அது இறங்கிய சத்தம் சந்தை முழுக்கக் கேட்பதுபோல் இருந்தது. கடைசிச் சொட்டுவரை விட்டான். கையுறையால் டேங்கின் வாயைத் துடைத்து மூடினான். காலிக் கேனை வைக்கோலுக்குள் திணித்தான்.

பிறகு பம்பர்மேல் ஏறினான். இறங்கினான். மறுபடி ஏறிக் குதித்தான். வண்டி குலுங்கியது. கலக்க வேண்டும்.

காபிக்காரன் திரும்பி வந்து, என்னய்யா செய்கிறாய் என்றான். ஸ்பிரிங் கத்துகிறது, பார்க்கிறேன் என்றான் லைல்.

வெர்னின் வண்டி ஓரமாக ஒதுங்கியது. லைல் முன்னால் நகர்ந்தான்.

அவள் குழாயை உள்ளே விட்டாள். பம்பை அழுத்தினாள். அவன் தன் பூட்ஸில் காய்ந்திருந்த சாணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் புட்டியை வெயிலுக்குத் தூக்கினாள்.

மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் வெளிறியது. ஆனால் சிவப்பு.

லைசென்ஸைக் கேட்டாள். பெயரைப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

“நூர்டால்? கிர்ஸ்டன் உங்க பொண்ணா?”

ஓரத்தில் நின்ற வெர்னும் மற்ற மூன்று பேரும் திரும்பினார்கள்.

ஆமாம் என்றான்.

“இன்னைக்கு இங்க வர்றோம்னு அவளுக்குத் தெரியுமே. உங்ககிட்ட சொல்லலையா?”

அவன் புட்டியை நோக்கித் தாடையை நீட்டினான்.

“சொல்லியிருந்தா அது ஏம்மா இப்படி இருக்குது?”

அவள் புட்டியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு எழுத ஆரம்பித்தாள். போன வருஷம் ஆபீஸில் ஒருத்தன் தன் தம்பிக்கு முன்கூட்டியே சொன்னான், அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று எழுதிக்கொண்டே சொன்னாள். தாளைக் கிழித்துக் கொடுக்கும்போது, பெண்ணை ஒழுங்காக வளர்த்திருக்கிறீர்கள் என்றும் சொன்னாள்.

அவன் கையெழுத்துப் போட்டான்.

வெர்ன் அவன் ஜன்னலில் சாய்ந்தான். புகையிலை டப்பாவைத் திறந்து நீட்டினான். முகத்திலிருந்து கிண்டல் போயிருந்தது.

“சொந்த அப்பனுக்கே சொல்லலையா. கல் மனசுக்காரிய்யா நீ பெத்தது.”

அவள் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்றான் லைல்.

செவ்வாய்க்கிழமை போனில் அவள் சொன்னது நாலே வார்த்தை. “வியாழக்கிழமை நல்லது ஊத்திட்டுப் போங்கப்பா.”

புதன்கிழமை முழுக்க அவன் டேங்கைக் கழற்றிவைத்து, ஒரு துளி சிவப்பு மிச்சமில்லாமல், மூன்று தடவை கழுவி, பங்கில் நல்லதை நிரப்பியிருந்தான்.