பிரைமர் அடிக்கலாமா?

"பிரைமர் வேண்டாம்னா வேண்டாம், லோவெல். இறக்கைக்கு உள்பக்கத்தை யார் பாக்கப் போறா?"

காபியை வேலைமேசை மேல் வைத்துக்கொண்டே ஆர்லீன் சொன்னாள்.

ஃபுளோரிடாக் கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி இருந்த அந்த வீட்டுக் கராஜில் எட்டு வருடமாகக் கார் நின்றதில்லை. லோவெல் தன் கையாலேயே கட்டிவரும், இரண்டு பேர் உட்காரக்கூடிய குட்டி விமானம்தான் அங்கே குடியிருந்தது. நாளைக்கு இறக்கையை ரிவெட் அடித்து மூட வேண்டும். மூடிவிட்டால் பிறகு உள்ளே பிரஷ் நுழையாது.

"கடவுள் பாப்பார்," என்றார் லோவெல். "உப்புக் காத்தும் பாக்கும். பூச்சு இல்லேன்னா இருபது வருஷத்துல அலுமினியத்தை அரிச்சுத் தின்னுடும்."

"இருபது வருஷத்துல உனக்குத் தொண்ணூத்தொண்ணு. முதல்ல உனக்குத்தான் யாராவது பிரைமர் அடிச்சு வைக்கணும்."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

"எடை மொத்தமே பதினஞ்சு பவுண்டுதான் ஏறும், ஆர்லீன்."

"பதினஞ்சா! கண்டிப்பா வேண்டாம்."

எப்போதும் இதே கதைதான். தோல் இருக்கை வேண்டாம் என்றாள். இரண்டாவது ரேடியோ வேண்டாம் என்றாள். வெளியே கலர் அடிப்பதுகூட வேண்டாமாம். இந்த விமானமே அவளுக்கு ஆகாது. "உன் தகர டப்பாவுல சத்தியமா நான் ஏற மாட்டேன்" என்று முதல் ஆணி இறங்கிய அன்றே சொல்லிவிட்டாள். பக்கத்து இருக்கை காலியாகவே பறக்கப் போகிறது என்பதுதான் லோவெலுக்கு இருந்த ஒரே வருத்தம். அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இன்று பொறுமை போய்விட்டது.

"ஏறப்போறது நான் ஒருத்தன். பதினஞ்சு பவுண்டு கூடினா எனக்குக் கவலையில்ல, உனக்கு என்ன வந்துச்சு?"

ஆர்லீன் மடித்த காகிதம் ஒன்றை அவர் கையில் திணித்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காதுவரை சிவந்திருந்தது.

விமானம் தூக்கக்கூடிய மொத்த எடை மேலே இருந்தது. கீழே வரிசையாக அவள் கையெழுத்து: வெறும் விமானம், பெட்ரோல், லோவெல், ஒரு பை. அடியில், எல்லாம் போக மிச்சம் ஒன்பது பவுண்டு.

அதற்கு மேல் வரியில், நாற்பத்தாறு வருடக் குடித்தனத்தில் அவள் அவரிடம் ஒருமுறைகூடச் சொல்லாத எண் இருந்தது: ஆர்லீன், 198.