ஈயக்கல்லின் வேண்டுதல்

ஒரு மலையின் வயிற்றுக்குள்ளே ஈயம் நிறைந்த ஈயக்கல்லும், வெள்ளையாய்க் கெட்டியான வெங்கச்சாங்கல்லும் அடுத்தடுத்துப் படுத்திருந்தன. ஒரு காலத்தில் மலைக்குக் கடுமையான காய்ச்சல் கண்டது. இரண்டு பக்கமும் நெருக்க, கல் படுக்கைகளெல்லாம் பாய் மாதிரி மடிந்தன.

வெங்கச்சாங்கல் பல்லைக் கடித்துக்கொண்டு விறைப்பாகவே நின்று, கடைசியில் துண்டு துண்டாக உடைந்தது.

ஈயக்கல்லோ, "சாமி, இந்தச் சூட்டையும் நெருக்கலையும் நிறுத்தேன்" என்று கும்பிட்டபடியே இளகி நழுவி, நெருக்கல் குறைந்த மடிப்பு மூலையில் போய்ச் சேர்ந்தது. அங்கே நன்றாகக் கொழுத்தும் விட்டது.

"பிழைக்கத் தெரியலையே அண்ணே உனக்கு! கொஞ்சம் வளைஞ்சு கொடுத்தா என்னவாம்?"

"நல்ல இடம் கிடைச்சதும் பேச்சும் வந்துருச்சு தம்பிக்கு" என்றது உடைந்த கல்.

மலை ஆறிக் குளிர்ந்தது. வெகுகாலம் கழித்து மேலேயிருந்து துளைபோடும் எந்திரம் இறங்கியது. உடைந்த துண்டுகளை ஒரு கொத்து கொத்திப் பார்த்து, "இதுல ஒண்ணும் தேறாது" என்று விலகியது. நேரே மடிப்பு மூலைக்கு வந்தது.

"அடேயப்பா, எல்லாம் இங்கேதான் குவிஞ்சு கிடக்கு! இங்கேயே வெட்டுங்க!" என்று மேலே நின்ற ஆட்களுக்குக் குரல் கொடுத்தது.

ஈயக்கல் பழையபடி நழுவப் பார்த்தது. குளிர்ந்துபோன உடம்பு இம்மியும் அசையவில்லை.

"சாமி, இன்னும் ஒரே ஒரு தடவை அந்தச் சூட்டைக் கொடேன்!" என்று கதறியது.

சாமி காதில் விழுந்துவிட்டது போலிருக்கிறது. மேலே, ஈயம் உருக்கும் உலையை மூட்டிக்கொண்டிருந்தார்கள்.