பின் ஜன்னல்

"விக்கப் போறேன்னா வெளிப்படையாச் சொல்லு" என்றார் ஃபெர்மின், மனைவி எவுலாலியாவிடம்.

மெக்சிகோ நகரத்தில் அவர் முப்பது வருஷம் டாக்ஸியாக ஓட்டிய பச்சை ஃபோக்ஸ்வேகன் கார் அது. முழங்கால் மடங்க மறுத்ததிலிருந்து கிளட்சை மிதிக்க முடியாமல், பாவம், வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார். இன்று அவள் கண்ணாடிக்கடை குக்கோவை வரவழைத்து, மங்கிப்போன பின்பக்க ஜன்னல்களைக் கழற்றச் சொல்லிவிட்டாள்.

"என் சவாரிக்காரங்க யாரும் இதைக் குறை சொன்னதில்லை."

"மங்கினது உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்? நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுனவரு" என்று சிரித்த குக்கோ, புது ரப்பரில் சோப்புத் தண்ணீர் தடவி, கண்ணாடிகளைப் பொருத்திவிட்டுப் போனான்.

காரை வாங்க வருகிறவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் ஃபெர்மின் வீட்டுக்குள் திரும்பினார்.

"எங்க போற கிழவா? வந்து ஏறு."

எவுலாலியா ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கு எப்போலேர்ந்து ஓட்டத் தெரியும்?"

"நீ மதியம் குறட்டை விடுறப்ப, குக்கோ வண்டியில பழகினேன்."

முன்னால் வேறு இருக்கை இல்லை. சவாரிகள் ஏறி இறங்க வசதியாக, மற்ற டாக்ஸிக்காரர்களைப் போல அவரும் அதை என்றோ கழற்றிப் போட்டுவிட்டார். அவர் முதன்முறையாகப் பின்னால் ஏறினார். வலிக்கும் காலை நீட்ட இடம் தாராளமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே, தினமும் கடந்துபோன தெரு புதிதாகத் தெரிந்தது.

"எங்க போகணும், ஐயா?"

அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதேயில்லை.

"எங்க வேணா போ. சுத்தி வளைச்சே போ. நான் திட்ட மாட்டேன்."