புகைபோக்கி

ஊரடங்கு வந்த பிறகு, இங்கிலாந்தின் அந்தக் கிராமத்துக் கால்வாயில் இரண்டு வீட்டுப் படகுகள்தான் நின்றன. ஒன்று எங்களுடையது. மற்றதில் கிழவர் டெஸ்மண்ட் தனியாக இருந்தார். காலையில் அடுப்பு மூட்டிப் புகை விட்டால் நலம் என்று அர்த்தம். ஆளுக்கொரு கரையில் நின்று கத்திப் பேசி அப்படி முடிவு செய்திருந்தோம். நேற்றும் இன்றும் அவர் படகில் புகை இல்லை.

"ஒருக்காப் போய்ப் பாருங்கோவன். மனுசன் தனிய," என்றாள் என் மனைவி கௌசலா.

நான் முகக்கவசத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது எங்கள் படகு ஒரு பக்கம் மெல்லச் சரிந்தது. யாராவது ஏறினால்தான் அது அப்படிச் சரியும். பிறகு நீண்ட, ஈரமான இருமல். கதவில் இரண்டு தட்டு.

கௌசலா சத்தமில்லாமல் தாழ்ப்பாளைப் போட்டாள். "அசையாதேங்கோ," என்று வாயசைத்தாள். ஒரு அடி எடுத்துவைத்தாலும் படகு ஆடும், உள்ளே ஆள் இருப்பது அவருக்குத் தெரிந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவரும் போகவில்லை. படகு சரிந்தபடியே இருந்தது.

அப்போதுதான் எனக்கு அடுப்பு நினைவுக்கு வந்தது. காலையில் போட்ட விறகு நன்றாகப் பற்றி, கூரைக்கு மேலே புகைந்துகொண்டிருந்தது.