ஆறு ஸ்பூன்

"ஒரு வேளைக்கு ஆறு ஸ்பூனா? நீயும் பார்த்துக்கிட்டுச் சும்மா இருக்கியேக்கா!"

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் தங்கை பொரிந்து தள்ளினாள். லாரி ஓட்டும் மாமா முதுகுவலிக்கென்று தொட்ட மூலிகைப் பொடி அது. அரை ஸ்பூனில்தான் தொடங்கினார், அப்போது அதற்கே கண் சொருகும். போகப் போக, ஒரு வேளை தவறினாலும் கை நடுங்கியது, வீடு ரெண்டுபட்டது.

"மூலிகைதானேடி, என்ன பண்ணிடப் போகுது?" அக்கா சிரித்தபடி வெங்காயம் நறுக்கினாள்.

"அரளிகூடச் செடியிலதான் காய்க்குது!"

அக்காவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் மாமா உற்சாகமாகப் பேசினார்.

"டப்பாவை வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன்மா. நல்லவேளை, பக்கத்து வண்டிக்காரர்கிட்ட அதே பொடி இருந்துச்சு. வழக்கம்போல ஆறு ஸ்பூன் போட்டாச்சு. கிளம்பறேன்."

"ஐயோ, வண்டியை எடுக்காதீங்க!" அக்கா அலறுவதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது. திரும்பத் திரும்ப அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது.

"தினமும் முழுங்கறதுதானே? இன்னைக்கு மட்டும் என்ன பதற்றம்?"

அக்கா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"மூணு மாசமா அந்த டப்பாவில நான் போட்டு வச்சது வெறும் கீரைப் பொடிடி. வேலை செய்யலைன்னு அவர் ஸ்பூனை ஏத்திக்கிட்டே போனாரு. நான் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டிருந்தேன்."